புதுப்பித்தல் வேறு, மீட்டெடுத்தல் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய கட்டடங்கள் பற்றிய செய்திகளில் ரெஸ்டோரேஷன், ரெனவேஷன், கன்சர்வேஷன் மூன்றையுமே ‘புதுப்பித்தல்’ என்று எழுதுவது தவறான வேலைக்கே வழிவகுக்கிறது. கன்சர்வேஷன் என்பது இருப்பதை மேலும் சிதையாமல் காப்பது. ரெனவேஷன், இன்றைய தேவைக்கேற்ப மாற்றுவது. ரெஸ்டோரேஷனோ, பிற்காலச் சேர்க்கைகளை நீக்கி, ஆதாரமுள்ள பழைய நிலைக்கு மீட்பது. ஊகம் தொடங்கும் இடத்தில் அது நின்றுவிட வேண்டும் என்கிறது, பழைய கட்டடங்களைக் காப்பதற்கான சர்வதேச வழிகாட்டியான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். இடிந்துபோன பகுதியைப் புதுப் பொருளால் எழுப்பினால், ஆஸ்திரேலியாவின் இதே போன்ற வழிகாட்டியான பர்ரா சாசனப்படி அது மறுகட்டுமானம்.

‘புதுப்பித்தல்’ என்ற பெயரில் சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசுவதைப் பாருங்கள். சிமென்ட் இறுகி ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். ஈரத்தோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லைப் பொடியாக உதிர்க்கும். சுவர் புதிதாகத் தெரியும், உள்ளே அழிந்துகொண்டிருக்கும்! இத்தகைய சுவருக்கான பூச்சில், நீரில் ஊறி நன்கு புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு என்பது பொதுவான கலவை. ஆனாலும் பழைய காரையைச் சோதித்த பிறகே விகிதத்தை முடிவு செய்ய வேண்டும். பூச்சு சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும். சில நாட்கள் ஈரச்சாக்கு போட்டு வைப்பது அவசியம்.

எனவே, எந்த வேலை நடக்கிறது என்று கேட்டறிந்து, பாதுகாப்பு (கன்சர்வேஷன்), சீரமைப்பு (ரெனவேஷன்), மீட்டெடுப்பு (ரெஸ்டோரேஷன்), மறுகட்டுமானம் எனப் பிரித்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்