ஆய்வு முடிவைக் கடை வாசலில் ஒட்டுங்கள்

ஆசிரியருக்கு,

ராமேசுவரம் பகுதி உணவகங்களில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் நடத்திய ஆய்வு பற்றிய செய்தி படித்தேன். வரவேற்கிறேன். ஆனால் எந்தக் கடை தேறியது என்பது சாப்பிட வருபவருக்குத் தெரியாவிட்டால் பாதிப் பயன்தான். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க எண், உரிமமோ பதிவோ பெற்றதைத்தான் சொல்லும். அடுப்படி சுத்தமா என்பதைச் சொல்லாது. அதற்கென உள்ள 1 முதல் 5 வரையிலான சுகாதார மதிப்பீடோ, கடைக்காரர் தாமாக முன்வந்தால்தான் உண்டு.

தனுஷ்கோடி சாலையில் ஒரு மீன் கடையில், மசாலா தடவிய சீலாத் துண்டுகள் திறந்த தட்டில் ஈ மொய்க்கக் கிடந்தன. சட்டி எண்ணெய் கருத்து, ஓரமெல்லாம் நுரை கட்டியிருந்தது. பதிவு எண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பொரிக்கும் எண்ணெயில், திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் பெருகும் கழிவான துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடப்பில் உள்ளது. அதை நாம் கண்ணால் அளக்க முடியுமா? கருவி வைத்திருக்கும் அதிகாரிதான் சொல்ல வேண்டும். ஆகவே கடைசி ஆய்வின் தேதியையும் முடிவையும் தமிழில், பெரிய எழுத்தில் வாசலில் ஒட்டுவதை மாவட்ட நிர்வாகம் கட்டாயமாக்க வேண்டும். அக்னி தீர்த்தம், பாம்பன், தனுஷ்கோடி கடைகளில், ஆடி அமாவாசைக் கூட்டம் வருமுன் தொடங்கலாம். குறை கண்ட சிறு கடைகளுக்கு, எடுத்தவுடன் அபராதம் போடாமல் திருத்திக்கொள்ள அவகாசம் தந்து, அப்புறம் மறு ஆய்வு செய்யட்டும்.

– ஒரு வாசகர், மண்டபம்