கொட்டகையில் நடந்த வகுப்பு

ஆசிரியருக்கு,

ஹாலிவுட் குணச்சித்திர நடிகர் ஜெஃப் கோரியைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்களின் பட்டியல் சரி. ஆனால் அவர் நடிப்பு சொல்லிக்கொடுத்த காலம் ஒரே வரியில் முடிந்துவிட்டதே! 1951இல், கம்யூனிஸ்ட் தொடர்புள்ளவர்களைத் தேடிய அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவிடம் சக கலைஞர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். அதனால் அப்புறம் சுமார் பத்தாண்டுகள் சினிமா வாய்ப்பே இல்லை. வீட்டுக் கார் கொட்டகையில் வகுப்பு நடத்தினார். நடிகர்கள் ஜாக் நிக்கல்சனும் லெனார்ட் நிமாயும் அவரிடம் படித்தவர்கள். இயக்குநர் ரோஜர் கோர்மன்கூட அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார்; நிக்கல்சனை அவர் சந்தித்ததே அங்குதான். 1960களில் திரும்பிவந்து கோரி நடித்த வேடங்களைவிட இந்தக் கொட்டகையே பெரிய சாதனை என்பேன்.

கல்லூரி நாட்களில் எங்கள் நாடகக் குழுவுக்குப் பயிற்சி தந்தவரும் சில்லறை வேடங்களில் நடித்தவர்தான். காபி டம்ளரை வாங்கி வைப்பதை மட்டும் ஒரு மாலை முழுக்கச் செய்யவைத்தார் (காபி கடைசிவரை வரவில்லை). இரண்டே நிமிடம் திரையில் வருபவருக்குத்தான் ஒவ்வொரு நொடியின் விலையும் தெரிகிறது. கோரி தன் மாணவர்களுக்கு என்ன பயிற்சி கொடுத்தார் என்பதைத் தனிக் கட்டுரையாகவே நீங்கள் வெளியிடலாம்.

– வாசகர், கும்பகோணம்