மெத்தனால் உரிமம் கேட்டு மீண்டும் ஒரு மனு

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்

பொருள்: பயன்படுத்திய சமையல் எண்ணெயில் பயோடீசல் தயாரிக்க மெத்தனால் உரிமம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் முன்பு அளித்த மனுக்கள் (பதில் இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பஜ்ஜிக் கடைகளும் ரயிலடி ஓட்டல்களும் தாங்கள் அறிந்தவை. அங்கே பொரித்து ஓய்ந்த எண்ணெயை விலைக்கு வாங்கி, முட்டை ஓட்டைச் சுட்டு எடுக்கும் கால்சியம் ஆக்சைடை வினையூக்கியாக வைத்து, மெத்தனாலோடு வினைபுரியச் செய்து பயோடீசல் தயாரிக்கக் கூடம் அமைத்துள்ளேன்.

1. மற்ற அனுமதிகள் வந்துவிட்டன. மெத்தனால் உரிமம் மட்டும் வரவில்லை.

2. 100 லிட்டர் எண்ணெய்க்கு வினையில் செலவாகும் மெத்தனால் சுமார் 13 லிட்டர். கூடுதலாக ஊற்றுவதை வடித்து மறுபடி எடுத்துக்கொள்வோம்.

3. எண்ணெய் காத்திருக்காது ஐயா. பேரலில் நிற்க நிற்க, ஈரம் சேர்ந்து அதில் கொழுப்பு அமிலம் ஏறுகிறது. அப்புறம் கால்சியம் ஆக்சைடைப் போட்டால் சோப்புதான் மிஞ்சும், வினையூக்கியும் வீண். 900 டிகிரியில் சுட்டு வைத்த ஓட்டுத் தூளும் காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் இழுத்துக் கெட்டுப்போகிறது. திரும்பச் சுட வேண்டும், கரண்டு பில் என் தலையில். பேரல் வைக்க இடமில்லாமல் கடைக்காரர்களிடம் "அடுத்த வாரம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? லூஸில் வாங்க ஆள் வருகிறான், கொடுத்துவிடுகிறார்கள். அந்த எண்ணெய் வேறொரு கடை வாணலிக்கே திரும்புகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் கெட்ட பொருள்களான துருவச் சேர்மங்கள் 25 சதவீதம் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. பழைய எண்ணெயை பயோடீசலுக்குக் கொடுக்கச் சொல்லும் ரூகோ திட்டமும் அதே ஆண்டுதான் வந்தது. கொடு என்கிறது ஒரு துறை, வாங்குகிறவனின் கோப்பைத் திறக்க மாட்டேன் என்கிறது இன்னொன்று. நான் யாரிடம் போவது?

4. 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியான பிறகு அதிகாரிகள் தயங்குவது நியாயம்தான். கண்காணிக்க வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இரட்டைப் பூட்டுப் போடுங்கள், ஒரு சாவி தங்கள் அலுவலரிடமே இருக்கட்டும். எண்ணெய் வரவோடு மெத்தனால் செலவு ஒத்துப்போகிறதா என்று எந்த நேரமும் வந்து பார்க்கட்டும். தர முடியாது என்றால் அதையாவது காரணத்தோடு எழுதித் தரட்டும், மேல்முறையீடு செய்துகொள்கிறேன். "பரிசீலனையில் உள்ளது" என்கிறார்கள். சரி, பரிசீலிப்பது யார் ஐயா?

ஆகவே கூடத்தை நேரில் ஆய்வு செய்யவும், மெத்தனால் உரிமத்தை இனியும் தாமதிக்காமல் வழங்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேரல்கள் முழுக்கக் கெடுவதற்குள் உத்தரவிடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
பயோடீசல் கூட உரிமையாளர்,
தொழிற்பேட்டை