போஸ்ட்கிரஸை உருவாக்குகிறவர்களுக்கு நன்றியுடன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் கிளவுட் தரவுத்தளச் சேவை பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் தனக்கு வேண்டிய அளவைத் தேர்ந்தெடுத்தால் போதும். சில நிமிடங்களில் அவருக்கென ஒரு போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஓடத் தொடங்கிவிடும். பேக்கப் எடுப்பது, ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்றைப் பொறுப்பேற்க வைப்பது, புதிய பதிப்புக்கு மாற்றுவது எல்லாம் எங்கள் வேலை. சென்னையில் உட்கார்ந்து இதைச் செய்யும் எங்கள் குழு சிறியது. பாராட்டுகள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி உங்களுக்குச் சேர வேண்டியது என்பதைப் பொதுவில் சொல்லவே இந்த மடல். ஆட்களின் பெயரை எழுதவில்லை. உங்களில் பலருக்கு அது பிடிக்காது என்று தெரியும். எது யாருக்கான நன்றி என்பது படிக்கும்போது உங்களுக்கே புரியும்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986-இல் தொடங்கிய ஆய்வுத் திட்டம்தான் போஸ்ட்கிரஸ். 1996-இல் போஸ்ட்கிரஸ்கியூஎல் என்ற இன்றைய முழுப்பெயரைப் பெற்றபின் உலகெங்கும் பரவிய உருவாக்குநர்களின் கைக்கு வந்தது. எந்த ஒரு நிறுவனத்துக்கும் அது சொந்தமில்லை. அதன் உரிமம் சில பத்திகள்தான்: பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காமல் வைத்திருந்தால் போதும், எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். எங்களைப் போன்றவர்கள் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமலே கடை திறந்துவிட முடியும்.

அப்படித் திறந்தவர்கள் நிறையப் பேர் என்பதால்தான் கிளவுட் என்ற சொல்லைக் கேட்டாலே கட்டற்ற மென்பொருள் உலகில் பலருக்கு முகம் சுளிக்கிறது. தரவைச் சேமிக்கவும் தேடவும் உதவும் மென்பொருள்களில், 2018-இல் மாங்கோடிபி தன் உரிமத்தை மாற்றியது, 2021-இல் எலாஸ்டிக்சர்ச், 2024-இல் ரெடிஸ். மூன்று இடத்திலும் சொல்லப்பட்ட மனக்குறை ஏறத்தாழ ஒன்றுதான்: உழைப்பு எங்களுடையது, வருமானம் கிளவுட் நிறுவனங்களுடையது. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அந்தச் சூழலில், நாங்கள் யார், என்ன விற்கப் போகிறோம் என்பதை முதல் வரியிலேயே எழுதி உங்கள் மின்னஞ்சல் குழுவில் கேள்வி கேட்டோம். நீங்கள் அதைப் படித்துவிட்டுப் பதில் சொன்னீர்கள். கல்லூரி மாணவர் கேட்டிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பீர்களோ அப்படியே சொன்னீர்கள்.

அந்த முதல் பதிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது நாங்கள் கேட்ட கேள்விக்கான பதிலே அல்ல.

பழைய லினக்ஸ் பதிப்பில் ஓடிக்கொண்டிருந்த தரவுத்தளங்களைப் புதிய பதிப்புக்கு மாற்றத் திட்டமிட்டுக்கொண்டிருந்தோம். புதிய சர்வரில் ஒரு ரெப்ளிகாவை, அதாவது பழையதன் மாற்றங்களைத் தொடர்ந்து வாங்கிக்கொள்ளும் நகலை, அமைத்து, அது பழையதை எட்டிப் பிடித்ததும் பொறுப்பை அதனிடம் ஒப்படைப்பது எங்கள் யோசனை. ஒப்படைக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்றுதான் கேட்டோம். வேறொரு கண்டத்திலிருந்து ஒருவர் எழுதினார்: "நேரம் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கிளிப்சி என்ன பதிப்பு?" கூடவே ஒரு சிறிய சோதனை. 11 என்று ஒரு வரி, 1-1 என்று ஒரு வரி. இரண்டையும் இரண்டு சர்வரிலும் அமெரிக்க ஆங்கில லோகேலில் (மொழி, நாட்டு வழக்கு அமைப்பில்) வரிசைப்படுத்திப் பார்க்கச் சொன்னார்.

பார்த்தோம். பழைய சர்வரில் 11 முதலில் வந்தது. புதியதில் 1-1 முதலில் வந்தது.

விஷயம் இதுதான். எழுத்துகளை எந்த வரிசையில் அடுக்குவது என்பதைப் போஸ்ட்கிரஸ் பெரும்பாலும் இயங்குதளத்தின் கிளிப்சி நூலகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. 2018-இல் வந்த 2.28 பதிப்பில் அந்த நூலகம் தன் வரிசை விதிகளைப் பெரிய அளவில் மாற்றிக்கொண்டது. இண்டெக்ஸ் என்பது விரைவாகத் தேடுவதற்காக வரிசையாக அடுக்கி வைத்த பட்டியல். ரெப்ளிகாவோ பழைய சர்வரின் இண்டெக்ஸை பைட் மாறாமல் அப்படியே வாங்கிக்கொள்கிறது. பழைய விதிப்படி அடுக்கியதைப் புதிய விதிப்படி தேடினால், அட்டவணையில் இருக்கும் வரியே இல்லை என்று பதில் வரும். ஒரே மின்னஞ்சல் முகவரி இரண்டு முறை பதிவாகக் கூடாது என்று போட்ட கட்டுப்பாடும் கண்ணை மூடிக்கொள்ளும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. சோதனைப் பிரதி ஒன்றில், போஸ்ட்கிரஸோடு வரும் ஆம்செக் கருவியை ஓட்டினோம்; இண்டெக்ஸில் வரிசை ஒழுங்கு மீறப்பட்டிருக்கிறது என்று அது சொன்னது. வாடிக்கையாளரின் தரவு எதையும் தொடுவதற்கு முன்பே இது தெரிந்துவிட்டதால், திட்டத்தையே மாற்றி, லாஜிகல் ரெப்ளிகேஷன் வழியாக வரிகளை மட்டும் அனுப்பி இண்டெக்ஸ்களைப் புதிய சர்வரிலேயே புதிதாகக் கட்டினோம்.

கேட்காத கேள்விக்குப் பதில் சொன்ன அந்த நண்பருக்கு எங்கள் முதல் நன்றி. எங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவருக்குக்கூட இப்படி ஒருவர் இருப்பது தெரியாது. அவர்களுக்காகவும் சேர்த்தே சொல்கிறேன்.

இதே வரிசை விவகாரத்தில் இன்னொரு நன்றி பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன அனுபவத்துக்குப் பிறகு, புதிய தரவுத்தளங்களுக்கு, யூனிகோட் தரநிலை ஒவ்வொரு எழுத்துக்கும் தரும் எண்ணின் வரிசையையே இயல்பாக வைத்தோம். இயங்குதளம் மாறினாலும் அது மாறாது. 2024-இல் வந்த 17-ஆம் பதிப்பு அதைப் போஸ்ட்கிரஸுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் தமிழ்ப் பெயர்களுக்கு அது சரிப்படாது. மாணவர் பட்டியல் வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளர் திரையைப் படமெடுத்து அனுப்பினார்: அமலா, அமுதா, அதற்கப்புறம் அம்பிகா. யூனிகோடில் புள்ளிக்குரிய எண் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் மெய்யெழுத்து பின்னால் போய்விடுகிறது. நம் அகராதியில் அம்பிகா அல்லவா முதலில் வர வேண்டும்? மலர்விழிக்கு முன்னால் மனோகரன் வந்து நின்றான், னகரம் நகரத்தை ஒட்டி அடுத்த எண்ணில் இருப்பதால்.

தீர்வு ஏற்கெனவே இருந்தது. யூனிகோடின் பொது மொழித் தரவுக் களஞ்சியத்தில் தமிழுக்கான வரிசை விதிகளை யாரோ பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பன்மொழி எழுத்துகளைக் கையாளும் ஐசியு நூலகம் அதை எடுத்துக்கொண்டது. 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பில் ஐசியு போஸ்ட்கிரஸோடு இணைந்தது. பெயர் இருக்கும் நெடுவரிசைக்கு மட்டும் தமிழ் வரிசையைக் குறிப்பிட்டால் போதும். ஐசியு பதிப்பு மாறினால் போஸ்ட்கிரஸ் எச்சரிக்கையும் தருகிறது. இதைச் சுட்டிக்காட்டியவர் தமிழ் அறியாதவர். நாங்கள் அனுப்பிய பெயர்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் போட்டு விளக்கினார். அவருக்கும், அந்த விதிகளை எழுதிய, நாங்கள் பார்த்தறியாத தமிழ்க் கணிமை ஆர்வலர்களுக்கும் நன்றி. மாணவர் பட்டியலில் அம்பிகா இப்போது முதலில் வருகிறாள்.

எங்கள் குழுவின் இளைய பொறியாளருக்கு நீங்கள் செய்ததை நான் மறக்க மாட்டேன். ரெப்ளிகேஷன் ஸ்லாட் பற்றிய ஆவணத்தில் ஒரு பத்தியைத் தெளிவாக்கலாம் என்று அவர் ஒரு பேட்ச் (திருத்தம்) அனுப்பினார். ரெப்ளிகா பிடித்துக்கொள்ளும்வரை பழைய மாற்றப் பதிவுகளை ஸ்லாட் அழியாமல் வைத்திருக்கும். எதிர்ப்பக்கம் காணாமல் போய்விட்டால் பதிவுகள் குவிந்து டிஸ்க் நிரம்பிவிடும். 13-ஆம் பதிப்பில் அதற்கு ஒரு வரம்பு வைக்க வழி வந்தது. தினமும் இதோடு மல்லுக்கட்டுகிறவர் என்பதால் எங்கே வாசகர் தடுமாறுவார் என்று அவருக்குத் தெரியும். பரிசீலித்தவர் முதல் வாக்கியத்திலேயே நிறுத்தினார்: "முதன்மை சர்வர் விழுந்து ரெப்ளிகா பொறுப்பேற்ற பிறகும் இந்த வாக்கியம் உண்மைதானா?" ஒரே கேள்வி. பத்தி முழுவதும் மாறியது. பிறகு ஒரு சொல், பிறகு ஒரு காற்புள்ளி, பிறகு ஒரு சோதனை என்று போய்வந்தது. கடைசியில் சேர்த்தபோது, எழுதியவர் என்று அவர் பெயரும், பரிசீலித்தவர் என்று அந்த நண்பரின் பெயரும் கமிட் செய்தியில் (மாற்றத்தோடு சேரும் குறிப்பில்) அடுத்தடுத்து இருந்தன. அலுவலகத்தில் அவருக்கு மேல் இருக்கும் நாங்கள் யாரும் அவருடைய எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. இப்போது பேட்ச்களைக் கூடிப் பரிசீலிக்கும் காலமான கமிட்ஃபெஸ்டில் மற்றவர்களின் பேட்ச்களை அவர் பரிசீலிக்கிறார். ஒரு பேட்ச் கொடுக்கிறவர் அதே அளவு கடினமான இன்னொருவரின் பேட்ச்சைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் நடைமுறையை எங்கள் உள்வேலைக்கும் எடுத்துக்கொண்டுவிட்டோம்.

வாடிக்கையாளருக்கு, எல்லா அதிகாரமும் கொண்ட சூப்பர்யூசர் உரிமையைத் தர முடியாது. அது கையில் இருந்தால் சர்வரில் இயங்குதளக் கட்டளைகளையே ஓட்டலாம். தராவிட்டாலோ பாதி வேலைக்கு எங்களிடம் வந்து நிற்பார். பதிப்புக்குப் பதிப்பு நீங்கள் உரிமைகளைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு வருகிறீர்கள்: எல்லாவற்றையும் படிக்க ஒரு ரோல் (உரிமைத் தொகுப்பு), வேறு சர்வரிலிருந்து தரவை வாங்கும் சப்ஸ்கிரிப்ஷன் உருவாக்க ஒன்று, பராமரிப்புக்கு ஒன்று. பகட்டில்லாத வேலை இது. வெளியீட்டுக் குறிப்பில் ஓரிரு வரியில் முடிந்துவிடும். எங்களைப் போன்ற சேவைகள் பாதுகாப்பாக ஓடுவது அந்த ஓரிரு வரியால்தான்.

2018-இன் எஃப்சிங்க் (தரவை டிஸ்க்கில் உறுதியாக எழுதச் சொல்லும் கட்டளை) விவகாரத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை, அப்போது எங்கள் குழுவே கிடையாது என்றாலும். டிஸ்க்கில் எழுதுவது ஒருமுறை தோற்றால், மறுமுறை கேட்கும்போது லினக்ஸ் வெற்றி என்று சொல்லிவிடக்கூடும். எழுதாத தரவு எழுதியதாகிவிடும். அதைக் கண்டுபிடித்தவரும், அதை எடுத்துக்கொண்டு லினக்ஸ் கெர்னல் உருவாக்குநர்களோடு உட்கார்ந்து பேசியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். 2019 பிப்ரவரியில் வந்த திருத்தங்கள், இப்படி நேர்ந்தால் சர்வரை உடனே நிறுத்திப் பதிவுகளிலிருந்து மீளச் செய்தன. நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க்குகளில் கடை நடத்தும் எங்களுக்கு அந்த மாற்றத்தின் மதிப்பு நன்றாகத் தெரியும்.

போஸ்ட்கிரஸைச் சுற்றி இருப்பவர்களுக்கு வருகிறேன். போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு ப்ராசஸைத் தொடங்கும். ஆயிரக்கணக்கில் இணைப்புகள் வந்தால் திணறும். ஸ்கைப்பில் பிறந்த பிஜிபவுன்சர் இடையில் நின்று அந்தக் கூட்டத்தை நிர்வகிக்கிறது. 2023 அக்டோபரில் வந்த 1.21 பதிப்பு, ஒரு டிரான்சாக்ஷன் முடியும்வரை மட்டும் இணைப்பைக் கொடுக்கும் டிரான்சாக்ஷன் முறையிலும், பிரிப்பேர்ட் ஸ்டேட்மெண்டுகளை (முன்கூட்டியே தயாரித்து வைத்த வினவல்களை) அனுமதித்தது. ஜாவாவில் எழுதும் எங்கள் வாடிக்கையாளர்கள் அதற்கு முன் சுற்றிவளைத்துச் செய்துகொண்டிருந்தவற்றையெல்லாம் தூக்கிப்போட்டார்கள். ஒரு சர்வர் விழுந்தால் பொறுப்பை இன்னொன்றுக்கு மாற்றித்தரும், ஜலாண்டோ நிறுவனத்திலிருந்து வந்த பேட்ரோனிக்கு: முதன்மை சர்வர் தன் தலைமைச் சாவியைக் குறித்த நேரத்துக்குள் புதுப்பிக்க முடியாவிட்டால் தானே இறங்கிக்கொள்ள வேண்டும் என்ற அதன் கறாரான விதியால், ஒரே நேரத்தில் இரண்டு முதன்மை என்ற பெரும் குழப்பத்திலிருந்து தப்பித்திருக்கிறோம். பேக்கப் கருவியான பிஜிபேக்ரெஸ்ட்டுக்கு: எங்கள் ஒவ்வொரு மீட்புச் சோதனையும் அதன் மேல்தான் ஓடுகிறது. டெபியன், ரெட்ஹாட் லினக்ஸ்களுக்கான பேக்கேஜ்களை வெளியீட்டு நாளிலேயே தயாராக வைப்பவர்களுக்கும், விலங்குப் பெயர் சூட்டிய சொந்தக் கணினிகளை, போஸ்ட்கிரஸைப் பலவகைக் கணினிகளில் சோதிக்கும் பில்ட்ஃபார்முக்காக இரவு பகலாக ஓட விடுகிறவர்களுக்கும் நன்றி. மின்கட்டணத்தை அவர்களே கட்டுகிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

சென்னை லினக்ஸ் பயனர் குழு நண்பர்களே, எங்களில் பலர் கட்டற்ற மென்பொருள் என்ற ஒன்று இருப்பதையே உங்கள் கூட்டங்களில்தான் தெரிந்துகொண்டோம். பெங்களூரில் போஸ்ட்கிரஸ் மாநாடான பிஜிகான்ஃப் இந்தியாவின் தேநீர் இடைவேளைகளில் எங்கள் வரைபடங்களைக் காகிதத்தில் திருத்திக் கொடுத்தவர்களே, அந்தக் காகிதங்கள் இன்னும் எங்களிடம் இருக்கின்றன.

நன்றி என்று எழுதிவிட்டுப் போவது போதாது என்பதால், முடிவு செய்தவற்றையும் இங்கே பதிந்துவிடுகிறேன். போஸ்ட்கிரஸின் தனிப் பிரதி ஒன்றை ரகசியமாக மாற்றி வைத்துக்கொள்ள மாட்டோம். வேண்டிய மாற்றத்தை உங்களிடம் கொண்டுவருவோம். நீங்கள் ஏற்காவிட்டால் அது இல்லாமல் வாழப் பழகிக்கொள்வோம். எங்கள் பொறியாளர்கள் கமிட்ஃபெஸ்ட் நாட்களில் செய்யும் பரிசீலனை அலுவலக நேரமாகவே கணக்கிடப்படும். இரவில் கண் விழித்துச் செய்யும் சேவையாக இருக்காது. தமிழ் வரிசைக்காக நாங்கள் எழுதிய சோதனைகளைப் போஸ்ட்கிரஸ் உரிமத்திலேயே வெளியிடுகிறோம். சென்னையிலிருந்தும் ஒரு கணினி பில்ட்ஃபார்மில் சேரும். வருமானத்தில் ஒரு பங்கு, நாங்கள் பயன்படுத்தும் சிறிய திட்டங்களைப் பராமரிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் போகும். தொகை பெரிதில்லை, ஆனால் தவறாது.

ஒரு வேண்டுகோள். எங்கள் பேட்ச்களை இதுவரை பார்த்ததுபோலவே கறாராகப் பாருங்கள். ஸ்லாட் ஆவணத்துக்கு அடுத்த பகுதி தயாராகிக்கொண்டிருக்கிறது. ரெப்ளிகா பொறுப்பேற்றால் என்ன ஆகும் என்பதை இம்முறை முதல் பத்தியிலேயே எழுதியிருக்கிறோம்.

அன்புடன்,
தரவுத்தளக் குழுவின் சார்பில்,
சென்னை