தமிழில் பெயர் வைத்துப் பாருங்கள்: நெட்வொர்க் அமைத்துத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நெட்வொர்க் நண்பர்களே, வணக்கம்.

அச்சகம், வக்கீல் அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் என்று போய் ஷேர் ஃபோல்டர் போட்டுக் கொடுத்துவிட்டு வரும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இது: கிளம்பும் முன் தமிழில் கோப்புப் பெயர் வைத்துச் சோதித்துப் பாருங்கள். நான் ஒரு சின்ன அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவன். கணினியைத் தொடப் பயப்படாத ஆள் நான் ஒருவன்தான் என்பதால் கணினி வேலையும் என் தலையில் விழுந்தது.

டிடிபி அறையில் விண்டோஸ், என் மேசையில் லினக்ஸ். விண்டோஸில் இருந்த ஷேரை, அதாவது பகிர்ந்த ஃபோல்டரை, என் கணினியில் மவுண்ட் செய்து (இணைத்து) தந்துவிட்டுப் போனார் உங்களில் ஒருவர். மறுநாள் ஃபோல்டரைத் திறந்தால் “??????? ????” என்று வரிவரியாகக் கேள்விக்குறிகள். எதைத் தட்டினாலும் திறக்கவில்லை. கூப்பிட்டதும் வந்தார், அதைக் குறை சொல்ல மாட்டேன். எல்லாவற்றுக்கும் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும், கொடுத்தார், இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்தார், கடைசியில் “ஹார்டுடிஸ்க் போயிடுச்சு சார், மாத்திடலாம்” என்றார். பக்கத்து அறையில் டிடிபி அக்கா அதே கோப்புகளைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்!

அவர் போன பிறகு, எதை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பைத் திறந்து பார்த்தேன். மவுண்ட் வரியில், எழுத்துத் தொகுப்பைச் சொல்லும் ஐஓசார்செட் என்ற இடத்தில் ஐஎஸ்ஓ8859-1 என்று இருந்தது. எங்கிருந்தோ படியெடுத்து ஒட்டிய வரி. அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான எழுத்துத் தொகுப்பு, தமிழுக்கு அதில் இடமே கிடையாது. சர்வர், கோப்பின் பெயரை யூனிகோடில் சரியாகத்தான் அனுப்புகிறது. நம் பக்கத்து லினக்ஸ் அதை அந்தத் தொகுப்புக்கு மாற்றப் பார்க்கிறது, முடியாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி வைக்கிறது. ‘பொங்கல்’ என்பதில் ப, ொ, ங, புள்ளி, க, ல, புள்ளி என்று 7 குறிகள். ‘மலர்’ என்பதில் 4. அந்த “??????? ????” எங்கள் பொங்கல் மலர்தான் என்று எண்ணியே கண்டுபிடித்தேன். ‘கடல்’ என்று ஒரு கோப்பு இருந்தால் அதுவும் 4 கேள்விக்குறிதான், எது எது என்று யாருக்குத் தெரியும்? அந்த இடத்தில் யுடிஎஃப்8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்று மாற்றி, அன்மவுண்ட் செய்து, மறுபடி மவுண்ட் செய்தேன். எல்லாம் வந்துவிட்டது.

இதிலும் ஒரு வம்பு உண்டு. சில குறைத்துக் கட்டிய லினக்ஸ் நிறுவல்களில் யுடிஎஃப்8-க்கான மாட்யூல் (துணை நிரல்) இருக்காது. அப்போது மவுண்ட் 79ஆம் எண் பிழையைக் காட்டி, ஏதோ லைப்ரரியை அணுக முடியவில்லை என்று புலம்பும். லைப்ரரியைத் தேடி அலையாதீர்கள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் கூடுதல் மாட்யூல்களை நிறுவினால் போதும்.

கேள்விக்குறி எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. பெயரிலேயே விழுந்தால் எழுத்துத் தொகுப்புக் கோளாறு. பெயர் ஒழுங்காக இருந்து, பட்டியலை விவரத்தோடு காட்டும் எல்எஸ் -எல் கட்டளை கொடுத்ததும் அனுமதி, உரிமையாளர், அளவு, தேதி இருக்கும் இடங்களில் விழுந்தால் கதை வேறு: பெயர்ப் பட்டியல் கிடைத்தது, ஒவ்வொரு கோப்பின் விவரத்தைக் கேட்கப் போனபோது கதவு சாத்திவிட்டது. என்எஃப்எஸ் (லினக்ஸ் வகைக் கணினிகள் தமக்குள் பகிரும் முறை) ஷேரில் ஃபோல்டருக்கு வாசிக்கும் அனுமதி இருந்து, உள்ளே நுழையும் எக்ஸ் அனுமதி இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும். விண்டோஸ் ஷேரில் 777 கொடுத்தும் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், அங்கே தெரியும் அனுமதி எண்கள் பெரும்பாலும் நம் மவுண்ட் வரியிலிருந்து புனையப்படுபவை என்பதுதான். உண்மையான அனுமதி சர்வரில் இருக்கிறது.

என்னை அதிகம் பயமுறுத்துவது பிழையே காட்டாத பட்டியல். ஃபோல்டரில் ‘பொங்கல் மலர்’ இரண்டு முறை இருக்கும், எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல. ‘பொ’வில் உள்ள ொ ஒரே குறியாகவும் இருக்கலாம், ெ, ா என்று இரண்டு குறிகளாகவும் பிரிந்து இருக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது, லினக்ஸுக்கோ இரண்டும் வேறு வேறு பெயர். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்து வைக்கும். ஓவியர் மேக்கிலிருந்து அனுப்பும் கோப்பு அப்படியே வந்து உட்கார்ந்தால் இரட்டைப் பிள்ளைதான். “டூப்ளிகேட்” என்று நினைத்து ஒன்றை அழித்தால், அழிந்தது மூன்று நாள் திருத்திய படியாக இருக்கலாம். கான்வ்எம்வி என்ற சிறு கருவி பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

அப்புறம் நீளம். இந்தப் பெயரைப் பாருங்கள்: ‘கும்பாபிஷேக அழைப்பிதழ் மூன்றாவது திருத்தம் அச்சுக்கு அனுப்ப வேண்டியது இறுதி வடிவம் புதியது’. சிரிக்காதீர்கள், எங்கள் ஆட்கள் இப்படித்தான் பெயர் வைப்பார்கள். 81 தமிழ்க் குறி, 9 இடைவெளி, பிடிஎஃப் என்ற ஆங்கில வாலுக்குப் புள்ளியோடு சேர்த்து 4. மொத்தம் 94. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறை 255 குறி வரை ஏற்கும், ஆகவே அங்கே பிரச்சினை இல்லை. கோப்புகளைச் சேமித்து வைக்கும் லினக்ஸ் பெட்டியின் எக்ஸ்ட்4 கோப்பு முறை எண்ணுவதோ பைட்டை. யுடிஎஃப்8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 243, 9, 4 மூன்றையும் கூட்டினால் 256. வரம்பு 255! ஒரே ஒரு பைட் மிஞ்சியதால் அந்தக் கோப்பு மட்டும் பெட்டியில் ஏறாது. நூறு கோப்பைப் படியெடுத்தபின் பட்டியலில் 99 இருந்தால் நெட்வொர்க்கைச் சந்தேகப்படுவார்கள். ‘புதியது’ என்ற ஒரு சொல்லை எடுத்தால் முடிந்தது.

பிழைச் செய்தியை நம்பி ஏமாறுவதும் வழக்கம்தான். பிங் செய்தால் (இருக்கிறாயா என்று கேட்டால்) சர்வர் பதில் சொல்லும், மவுண்ட் செய்தால் பிழை 112, சர்வர் செயலில் இல்லை என்று வரும். பல நேரம் காரணம், பழைய சேமிப்புப் பெட்டிக்கு, விண்டோஸ் ஷேர் பேசும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே தெரியும் என்பது. 2017 மே மாதம் வான்னக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவிய பிறகு, அதே ஆண்டு வந்த லினக்ஸ் 4.13 அந்தப் பழைய பதிப்பைத் தானாகக் கேட்பதை நிறுத்திவிட்டது. அதற்காக எஸ்எம்பி 1-ஐத் திறந்துவிட்டுப் போய்விடாதீர்கள், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தப் பிழை என்றாலும் கெர்னலின் பதிவுகளைக் காட்டும் டிமெசேஜில் கடைசிப் பத்து வரியைப் படிக்காமல் ஹார்டுடிஸ்க்கைப் பழி சொல்லாதீர்கள்.

இனி வேலை முடித்துக் கிளம்பும்போது, வழக்கமான ‘டெஸ்ட்’ ஃபோல்டர் வேண்டாம். ‘பொங்கல் மலர்’ என்று ஒன்று, ‘கௌரி கோலம்’ என்று ஒன்று, மேலே சொன்ன கும்பாபிஷேகப் பெயரில் ஒன்று, அலுவலகத்தில் மேக் இருந்தால் அதிலிருந்து ஒன்று என்று ஷேரில் போடுங்கள். ஒவ்வொரு கணினியிலும் பட்டியலை எடுத்து, திறந்து, பெயர் மாற்றி, அழித்துப் பாருங்கள். அரை மணி நேரம் ஆகும். அதையும் பில்லில் சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் முதலாளியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அச்சகத்தின் மெய்ப்புத் திருத்துநர்