கோர்ட்டு அறிவிப்புக்கு மேலே பேட்டையின் பெயரைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நைட்டி தைத்து வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் போடுகிறவள். பேப்பரில் கோர்ட்டு அறிவிப்புகள் வரும் பக்கத்தை நான் படித்ததே இல்லை. எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்து; அந்தப் பக்கம் எனக்குக் கைக்கும் கழுத்துக்கும் அச்சு வெட்டத்தான். அப்படி ஒரு பக்கத்தில் ஒருநாள் என் பெயரே வந்திருக்கிறது. அதன் மேலேயே கத்தரிக்கோலை ஓட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

2019-ல் மொத்த வியாபாரி ஒருவரிடம் கடனுக்குத் துணி எடுத்தேன். தொகை, தேதி எதுவும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டு இரண்டு செக் கொடுத்தேன். கொடுக்காவிட்டால் துணி வராது. அடுத்த வருடமே கொரோனா. தைத்த நைட்டியெல்லாம் மூட்டையாகக் கட்டிலுக்கடியில் கிடந்தது. அப்படியும் கொஞ்சம் கொஞ்சமாக ரொக்கமாய்க் கொடுத்து, கடைசியில் 45,000 ரூபாய் பாக்கி நின்றது. அதை இன்றைக்கும் மறுக்கவில்லை. கொடுத்த ரொக்கத்துக்கு ரசீது கேட்டு வாங்காதது என் முட்டாள்தனம்.

2021-ல் கொருக்குப்பேட்டை வீட்டைக் காலி செய்து தண்டையார்பேட்டைக்கு வந்தோம். அப்புறம்தான் அவர் ஒரு செக்கில் 2,40,000 என்று எழுதி வங்கியில் போட்டு, அது திரும்பியிருக்கிறது. செக் திரும்பினால் கிரிமினல் கேஸ் என்றுதான் நம்மில் பலருக்குத் தெரியும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் அப்படி வழக்குப் போட, செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கைக்கு வந்து 15 நாளில் பணம் கட்டாவிட்டால், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அவர் அந்தப் பக்கம் போகவில்லை. சிவில் கோர்ட்டில் பண வழக்குப் போட மூன்று வருடம் இருக்கிறது, அதைப் போட்டார். கிரிமினல் என்றால் வாரண்டு பிறந்து போலீஸாவது தேடி வந்திருக்கும். சிவிலில் ஆள் வராவிட்டால் 'எக்ஸ்பார்ட்டி', அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு. வேலை முடிந்தது.

சம்மன் போனதெல்லாம் பழைய வீட்டுக்கு. தபால்காரர் 'வீடு மாறிவிட்டார்' என்று எழுதித் திருப்பியிருக்கிறார். கோர்ட்டு ஆள் கதவில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். அந்த வீட்டில் அப்போது ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள் நாலு பேர் இருந்தார்கள். அந்தத் தமிழ்க் காகிதத்தை அவர்கள் என்ன செய்திருப்பார்கள், பாவம். அதற்கும் பிறகுதான் பேப்பர் விளம்பரம்.

எனக்கு விஷயம் தெரிந்தது 2024-ல், ஜப்தி செய்யக் கோர்ட்டு அனுப்பும் ஊழியரான அமீனா வீட்டுக்கு வந்த அன்று. காலை பதினோரு மணி, ஆறு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சத்தம் போடவில்லை, மரியாதையாகத்தான் பேசினார். வட்டி, செலவு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்துக்கு மேல் என்றார். பிறகு ஃபிரிட்ஜ், டி.வி., பீரோ என்று எழுத ஆரம்பித்தார். மெஷின் பக்கம் அவர் பேனா திரும்பியதும் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் காலை பெடலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த நிசப்தத்தை என்னால் மறக்க முடியாது. கைத்தொழில் செய்கிறவரின் கருவிகளை ஜப்தி செய்யக்கூடாது என்று சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவில் இருக்கிறதாம். ஆள் வைத்துத் தைக்கிற இடத்துக்கு அது பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்கும் என்றும் வக்கீல் சொன்னார். நல்லவேளை, ஒரு வாரம் தவணை கிடைத்தது.

வக்கீல் முதலில் கேட்டது, "என்றைக்குத் தெரிந்தது?" என்பதைத்தான். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனு போட 30 நாள். சம்மன் முறையாகக் கிடைக்காதவர்களுக்கு அந்த 30 நாள், தீர்ப்பு இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து தொடங்குகிறது. இந்தக் கணக்குக்கு, நேரில் கொடுக்க முடியாதபோது கோர்ட்டு உத்தரவின் பேரில் கதவில் ஒட்டுவதும் பேப்பரில் போடுவதும் முறையான சம்மன் ஆகாது என்று காலவரையறைச் சட்டத்திலேயே விளக்கம் உண்டாம். அப்பாடா என்றிருந்தது. வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, ரேஷன் அட்டையில் முகவரி மாற்றிய காகிதம், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் உயர்நீதிமன்ற ஸ்டேஷனுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கில்லை. ஒரு லட்சம் கோர்ட்டில் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்ப்பு ரத்தானது. சங்கிலி அடகுக்குப் போனது. இனி வழக்கு முதலிலிருந்து நடக்கும். நான் ஜெயித்துவிட்டதாக அக்கம்பக்கத்தில் நினைக்கிறார்கள். பேச வாய்ப்புக் கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான் என்பதால், எவ்வளவு பாக்கி என்று நிரூபிக்கும் பாரமும் என் தலையில்தான்.

என் மகன் இப்போது இ-கோர்ட்ஸ் செயலியில் மாதம் ஒருமுறை என் பெயரைப் போட்டுத் தேடுகிறான். செக் கொடுத்துவிட்டு வீடு மாறுகிறவர்கள் புது முகவரியை ஸ்பீட் போஸ்ட்டில் தெரிவித்து ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தபால் செலவு ஜப்தியை விட மலிவு.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அறிவிப்பின் வாசகத்தை வக்கீல்கள் எழுதித் தருகிறார்கள், அதை நீங்கள் மாற்ற முடியாது, சரி. ஆனால் அதற்கு மேலே 'கொருக்குப்பேட்டை', 'வியாசர்பாடி', 'காசிமேடு' என்று பிரதிவாதியின் பேட்டைப் பெயரைத் தடித்த எழுத்தில் ஒரு வரி போடலாமே? கோர்ட்டு கோப்பில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். தீப்பெட்டி அளவு. என் பெயருக்கு முன்னால், நான் எங்கும் எழுதாத, வங்கிக் கணக்கில் மட்டும் இருக்கிற இனிஷியல். என் வீட்டுக்காரர் தினமும் சலூனில் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். அவரே பார்த்திருந்தாலும் யாரோ என்று பக்கத்தைத் திருப்பியிருப்பார். மேலே கொருக்குப்பேட்டை என்று இருந்திருந்தால், பழைய தெருவில் யாராவது ஒருவர் எனக்குப் போன் போட்டிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை-81.