1948 முதல் 1972 வரையான பாதையையும் சொல்லிக்கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 11 இல் படிக்கும் என் பேத்தியின் வரலாற்றுக் குறிப்பேட்டில், பிரித்தானிய ஆட்சியின் முடிவு ஒரே வரியில் அடங்கியிருந்தது: 1948 பெப்ரவரி 4 அன்று இலங்கை சுதந்திரம் பெற்றது. திகதியில் பிழையில்லை. ஆனால் அன்று எம் கைக்கு வந்தது எது, வராமல் நின்றது எது என்று அவள் கேட்டபோது, விளக்கி முடிக்க எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

அன்று நாம் பெற்றது டொமினியன் அந்தஸ்து, அதாவது பிரித்தானிய முடியின் கீழான தன்னாட்சி. முடிக்குரிய மன்னர் அரச தலைவராகவே நீடித்தார். தேசாதிபதியின் இடத்துக்கு மகாதேசாதிபதி வந்தார். திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் 1957 வரை பிரித்தானியரிடமே இருந்தன. எமது சுதந்திரம் முழுமையானதுதானா என்று ஐயம் எழுப்பிய சோவியத் யூனியன் தடுத்தமையால், ஐக்கிய நாடுகள் சபையில் நாம் அங்கத்துவம் பெற 1955 டிசம்பர் வரை காத்திருக்க நேர்ந்தது. எமக்கு ஒரு மாதம் முன்னதாக விடுதலை பெற்ற பர்மாவோ, பொதுநலவாயத்துக்கு வெளியே குடியரசாகவே தன் பயணத்தைத் தொடங்கியது.

தமிழ்ப் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டியது சுதந்திரத்தின்போது நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியல் யாப்பின் 29ஆம் பிரிவின் கதை. ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மற்றவர்க்கு இல்லாத பாதகத்தையோ சலுகையையோ விதிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் ஆக்கலாகாது என்று அது கூறியது. சர்வசன வாக்குரிமை அறிமுகமான 1931 முதல் வாக்களித்து வந்து, 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேரைப் பிரதிநிதிகள் சபைக்கு அனுப்பிய மலையக மக்களுள் மிகப் பெரும்பான்மையோர், சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாகி, மறு ஆண்டே வாக்குரிமையையும் இழந்தபோது, அந்தப் பிரிவு அவர்களைக் காக்கவில்லை. வழக்கு அன்று எமது இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாயிருந்த இலண்டன் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை சென்றும், 1953 இல் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. இதை எப்போது நினைத்தாலும் என் மனம் கனக்கிறது.

1972 மே 22 அன்று இலங்கை குடியரசானது. முடியாட்சியுடனான தொடர்பை அறுத்தது சரியே. அந்நிய நீதிமன்றத்தை நம்பி ஒரு நாடு காலந்தள்ள முடியாது. ஆனால் புதிய யாப்பில் 29ஆம் பிரிவு இடம்பெறவில்லை. அடிப்படை உரிமைகள் எழுதப்பட்டன என்றாலும், அவை மீறப்பட்டால் நேரடியாக உயர் நீதிமன்றத்தை நாடும் வழி 1978 யாப்பிலேயே திறந்தது. 1950 இலேயே குடியரசான இந்தியா, அந்த வழியைத் தன் முதல் யாப்பிலேயே வைத்திருந்தது. ஆகவே முடியை நீக்குவதும் காப்பைக் கைவிடுவதும் ஒன்றாகத்தான் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இருக்கவில்லை.

1931 இல் முழுச் சுயராச்சியம் கோரி அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் துணிவையும் இப்பிள்ளைகள் அறிந்திருப்பார்களோ என்பது ஐயமே.

வருகின்ற சுதந்திர தினச் சிறப்பிதழில், கொடியேற்றப் படங்களுக்கு அருகே இந்த இருபத்து நான்கு ஆண்டுகளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகர்,
கொழும்பு 06